கீறல் விழாத கண்ணாடி

காய் எடைக் கணக்கு எழுத எங்கள் ஏலத்தோட்டத்துக்கு ரக்கட் டேப், அதாவது அடிபட்டாலும் உடையாத டேப்லெட், வந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்றுவரை அதன் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. ஜீப்பின் பின்பலகையிலிருந்து தார்ச்சாலையில் விழுந்திருக்கிறது. ஸ்டோர் படிக்கட்டில் உருண்டிருக்கிறது. ஒருமுறை ஓடைக்குள் போய்க் கால் மணி நேரம் கிடந்தது. எடுத்துத் துடைத்ததும் வெளிச்சம் வந்துவிட்டது. கம்பம்மெட்டு, வண்டன்மேடு பக்கத்து ஆடி மழையில் நனைந்தவர்களுக்குத்தான் இது எத்தனை பெரிய காரியம் என்று தெரியும். உறுதியில் அதற்கு நிகரான பொருள் எங்கள் தோட்டத்தில் வேறு கிடையாது. கணக்குப்பிள்ளையாக அதைத் தினமும் கையில் பிடித்தவன் நான். அதன் பெருமையைச் சொல்ல என்னைவிட உரியவர் இல்லை.

பெட்டியில் ஐபி 67 என்று அச்சிட்டிருந்தது. ஆறு என்றால் தூசி நுழையாது. ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். சொன்ன சொல்லை அது காப்பாற்றியது; எந்த மழையிலும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கண்ணாடியின் மேலே விழும் சொட்டைத்தான் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஈரமும் விரலும் தொடுதிரைக்கு ஒன்றுதான். ஒரு பேருக்கு நேரே எடையைத் தட்டினால், பக்கத்தில் விழுந்த சொட்டு வேறொரு பேரைத் திறந்துவிடும். மழையில் அது பத்திரமாக இருந்தது. மழையில் அதை வைத்து எழுத முடியவில்லை.

பக்கத்திலேயே அமெரிக்க ராணுவத்தின் 810-ஆம் தர விதியும் போட்டிருந்தது. சுமார் நாலடி உயரத்திலிருந்து 26 தடவை போட்டுப் பார்க்க வேண்டும்: ஆறு பக்கம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை. அந்த 26-ஐ ஐந்து கருவிகள் வரை பங்கிட்டுக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. எங்களுடையது பங்காளி இல்லாமல் தனியாகவே அத்தனை தடவை விழுந்திருக்கும். அந்த வகையில் ராணுவ விதியையும் அது மிஞ்சிவிட்டது. ஒரு பெயரைத் தட்டினால் எத்தனை நொடியில் திறக்கும் என்று அந்த விதியில் சோதனை கிடையாது. அதனால் டேப் எந்தச் சோதனையிலும் தோற்கவில்லை.

அதை வைத்துச் சாயங்காலம் எடை போட்ட நேரத்தை நீங்கள் ஒரு நாள் வந்து பார்த்திருக்க வேண்டும். கம்பம், கூடலூர், காமயகவுண்டன்பட்டி பக்கத்திலிருந்து விடியலில் ஜீப்பில் ஏறி வந்த பெண்கள், இடுப்பில் கட்டிய சாக்கோடு வரிசையில் நிற்பார்கள். நகக்கண்ணெல்லாம் காய்க் கறை. கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு. தராசில் பதினாலு கிலோ முந்நூறு என்று காட்டும். நான் பேரைத் தட்டுவேன். திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். ஓர் ஆளுக்கு நாற்பது நொடி என்றால் முப்பத்தெட்டுப் பேருக்கு இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷமும் அவர்கள் மழையில் நிற்கிற நேரம். இருட்டுவதற்குள் மெட்டின் வளைவுகளைத் தாண்டிவிட வேண்டும் என்று டிரைவர் ஹாரன் அடிப்பார். "என்ன தம்பி, இன்னும் சுத்துதா?" என்று ஒரு அக்கா கேட்பார். அவர் வீட்டில் போய் அடுப்புப் பற்றவைக்க வேண்டும்.

டேப் மட்டும் அவசரப்பட்டதே இல்லை. அதன் நிதானத்துக்குக் காரணம் உள்ளே இருக்கிறது. மூன்று ஜிபி ரேம், வாங்கும்போதே பழசாகிவிட்ட சிப், சேமிப்புக்கு இஎம்எம்சி. இஎம்எம்சி ஒரே சமயத்தில் படிக்கவும் எழுதவும் செய்யாது, ஒரு வண்டி மட்டும் போகிற பாலம் மாதிரி. யுஎஃப்எஸ் சேமிப்பில் இரண்டு பக்கமும் ஓடும். வாங்கிய விலைக்கு அது வந்திருக்கலாம். அந்தப் பணம் ரப்பருக்கும் மூலைத் திண்டுக்கும் போய்விட்டது.

சித்திரையில் முதலாளி அதைப் பாலக்காட்டுக்கு, கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புக்கு, தேங்காய் வெட்டுக் கணக்கு எழுத எடுத்துப்போனார். நாற்பது டிகிரி அடிக்கிற காலம். அங்கேயும் அது உருகவில்லை, வெடிக்கவில்லை. திரை மங்கியது, சார்ஜ் ஏறுவது நின்றது, ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிஷம் ஆனது. காற்றுப் புகாத உடம்பு, மேலே கனத்த ரப்பர். சூடு வெளியேற வழி குறைவு. சூடு ஏறினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இங்கே மழை, அங்கே வெயில். இரண்டிலும் தன் உயிரைக் காப்பதில் அது குறை வைக்கவில்லை.

கடையில் அதைக் காட்டியவர் எங்கள் கண் முன்னே தரையில் போட்டார். துள்ளி நின்றது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன். விழுவது மாதத்துக்கு ஒரு தடவை, தட்டுவது ஒரு நாளைக்கு முந்நூறு தடவை என்ற கணக்கு அன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஈர விரலால் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். முப்பத்தெட்டுப் பேரை ஏற்றி, வரிசையாகத் திறந்து பார்த்திருக்க வேண்டும். வெயிலில் பத்து நிமிஷம் வைத்துவிட்டு மறுபடி திறந்திருக்க வேண்டும். உறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மலையில் உறுதி இல்லாத பொருள் ஒரு பருவம் தாங்காது. ஆனால் அந்த உறுதி எதைக் காப்பதற்கு என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

போன வருஷத்திலிருந்து கணக்கை என் சொந்தப் போனில்தான் எழுதுகிறேன். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி, குடைக்கடியில் பிடித்துக்கொள்வேன். பேரைத் தட்டியதும் திறக்கும். முப்பத்தெட்டுப் பேரும் ஐந்து நிமிஷத்தில் ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். இரண்டு தடவை கண்ணாடி போயிற்று, ஒரு தடவை சார்ஜ் போடும் துளையில் தண்ணீர் ஏறிற்று. மூலையெல்லாம் நசுங்கிவிட்டது.

ரக்கட் டேப் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. துணி சுற்றி, முழுச் சார்ஜோடு, வாங்கிய அன்று இருந்த மாதிரியே. என் போன் மூன்றாம் தடவையாகக் கம்பத்தில் கண்ணாடி மாற்றுகிற கடையில் கிடக்கிறது. சனிக்கிழமைச் சம்பளத்துக்குள் வந்துவிடும்.