சத்தம் சார்

ஓ.எம்.ஆர். பக்கம் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் இவரைக் காணலாம். காண்பதற்கு முன்பே கேட்கலாம். பதவி டீம் லீடர். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடையே பெயர் சத்தம் சார்.

சார் இங்கிலீஷில் ஒன்று சொல்வார். பிள்ளை விழிக்கும். அதே வாக்கியத்தை அதே வேகத்தில், இரண்டு கட்டை ஏற்றிச் சொல்வார். கோளாறு காதில்தான் என்பது அவர் முடிவு.

அப்புறமும் விழித்தால் இரக்கப்பட்டு மரியாதையில் இறங்குவார். "இஃப் இட்ஸ் நாட் டூ மச் ட்ரபிள், ஐ வாஸ் வொண்டரிங் வெதர் யூ குட் பாஸிப்ளி..." என்று நீளும். கேட்க வந்தது ஒரு ஃபைல். அது வாக்கியத்தின் வாலில் வந்து சேர்வதற்குள், வேலை போய்விட்டது போலிருக்கிறது என்று பிள்ளை ஊருக்குப் பஸ் பார்க்கத் தொடங்கியிருக்கும்.

எதிர்மறைக் கேள்விகள் இன்னும் விசேஷம்.

"டிடின்ட் யூ செண்ட் இட்?"

"எஸ் சார்."

வீட்டில் "அனுப்பலையா?" என்றால் "ஆமா, அனுப்பலை" என்போமே, அந்த எஸ். சாரோ போய்ச் சேர்ந்துவிட்டதென்று நிம்மதியாக டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

முத்தாய்ப்பாக "அண்டர்ஸ்டுட்?" என்பார். அதற்கும் "எஸ் சார்"தான். வேறு பதில் சொல்லி யார் மாட்டிக்கொள்வது? விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இந்த எஸ் செல்லாது. எந்த ஓடுபாதை, எவ்வளவு உயரம் என்பதைப் பைலட் தன் வாயால் திரும்பச் சொல்லியாக வேண்டும். சொல்வதை எளிமையாகச் சொல்லவும் வழி உண்டு. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-இல் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே செய்தி வாசிக்கத் தொடங்கியது. சுமார் 1,500 சொற்கள், குட்டி வாக்கியங்கள், நிதான வேகம். உலக நடப்பு அத்தனையும் அதற்குள் அடங்கியது. சார் லீவ் விதியை விளக்க அது பத்தாது.

ஒரு நாள் அமெரிக்க கிளையண்ட் போனில் வந்தார். பேஸ்பால் மைதானத்துச் சொலவடைகளைக் கலந்து மூச்சுவிடாமல் பொழிந்தார். சார் "அப்ஸல்யூட்லி, அப்ஸல்யூட்லி" என்று தலையாட்டினார். புதிதாகச் சேர்ந்த பெண்தான் குறுக்கே கேட்டாள்: "சாரி சார், விச் டே யூ வாண்ட்?"

"ஃப்ரைடே" என்றார் கிளையண்ட்.

அன்று மாலையே சார் எல்லோருக்கும் விளக்கமாக மெயில் போட்டார். நாலு பத்தி. எல்லோரும் சேர்ந்து தேடிப் பார்த்தோம். ஃப்ரைடே மட்டும் அதில் இல்லை.