பெட்ரோல் தீர்ந்த டாங்கி

கேள்வி: பாலைவனப் போரைப் பலகையில் பரப்பி இரண்டு பேர் ஆடுகிறார்களாமே? எங்கு பார்த்தாலும் மணல். அதில் ஆட என்ன இருக்கிறது? (வாசகர், துவரிமான்)

பதில்: பெட்ரோல்! 1964இல் அமெரிக்காவின் அவலான் ஹில் கம்பெனி ‘ஆப்பிரிக்கா கோர்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஒருவருக்கு ஜெர்மன், இத்தாலியப் படைகள். எதிரே இருப்பவருக்கு பிரிட்டிஷ் தரப்பு. ஜெர்மன்காரருக்குச் சரக்கு கரை சேர்ந்ததா, கடலில் மூழ்கியதா என்று பகடை சொல்லும். சரக்கு இல்லாமல் அவர் தாக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் நிஜத்திலும் அதுதான் நடந்தது. ஜெர்மன் தளபதி ரோமல் 1941 பிப்ரவரியில் லிபியாவின் திரிப்போலியில் இறங்கினார். மறு ஆண்டு எகிப்தின் எல் அலமைன் வந்தபோது பின்னால் 2,000 கிலோமீட்டர் பாதை கிடந்தது. பெட்ரோல் சுமந்து வரும் லாரியும் பெட்ரோலில்தானே ஓடுகிறது?

கேள்வி: எனக்கு ஆடுபுலி ஆட்டம் தெரியும். போதுமா? (வாசகி, கோச்சடை)

பதில்: தாராளமாக. மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் சமமில்லை, ஜெயிக்கும் வழியும் வேறு வேறு. செஸ்ஸில் இது கிடையாது; போர் ஆட்டத்தின் உயிரே இதுதான். ஆடு வெட்டாது, வழியை அடைத்தே புலியை முடக்கும். இங்கேயும் எதிரிக் காயை ஒட்டிய கட்டத்தில் கால் வைத்தால் பெரும்பாலான ஆட்டங்களில் அங்கேயே நின்றாக வேண்டும். பாட்டியிடம் கற்றதை மறக்காமல் வாருங்கள்.

கேள்வி: எதிராளியின் காய்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தால் அது போரா? (வாசகர், அரசரடி)

பதில்: அருமையாகக் கேட்டீர்கள். கொலம்பியா கேம்ஸின் ‘ரோமல் இன் தி டெசர்ட்’டில் காய்கள் நிற்கும் மரக்கட்டைகள். முகம் உங்களுக்கு, முதுகு எதிராளிக்கு. சப்ளைச் சீட்டுகளிலும் வெற்றுச் சீட்டுகள் கலந்திருக்கும். கையில் ஐந்து சீட்டோடு மிரட்டுகிறவரிடம் ஒரு சொட்டு பெட்ரோல்கூட இல்லாமலிருக்கலாம்.

கேள்வி: இருப்பதிலேயே பெரிய ஆட்டம் எது? (மாணவர், விராட்டிபத்து)

பதில்: 1979இல் வந்த ‘தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’. அதில் இத்தாலியப் படைக்கு பாஸ்தா வேகவைக்கத் தனியாகத் தண்ணீர் ஒதுக்க வேண்டும். பத்துப் பேர் தேவை. பரீட்சை முடியட்டும்.

கேள்வி: அந்தப் பாலைவனத்தில் நம் ஆட்கள் இருந்தார்களா? (வாசகர், பரவை)

பதில்: இருந்தார்கள், முன்வரிசையிலேயே. 1940 டிசம்பர் 9 காலை எகிப்தில் நிபெய்வா முகாமை பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகளோடு சேர்ந்து பிடித்தது 4ஆம் இந்திய டிவிஷன். அந்த டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்ஸின் 12ஆம் ஃபீல்டு கம்பெனியும் இருந்தது. பட்டாளத்தில் இன்றும் மெட்ராஸ் சாப்பர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’. பாதை போடுவது, தண்ணீருக்கு வழி செய்வது, மண்ணைத் தடவிக் கண்ணிவெடி எடுப்பது சாப்பர் வேலை. பலகையில் அவர்கள் ஒரு சின்ன அட்டைத் துண்டு. அதைக் கையில் எடுக்கும்போது நான் ஒரு நிமிடம் நிறுத்தித்தான் நகர்த்துவேன்.

கேள்வி: ஆட்கள் செத்த சண்டையை விளையாட்டாக்கலாமா? (வாசகி, காளவாசல்)

பதில்: செத்தவர்களை மறந்துவிட்டு ஆடக் கூடாது. எல் அலமைனில், தங்கள் மத வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட 600க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு இந்த ஆட்டங்களின் வழியாகத்தான் தெரிந்தது. பள்ளிப் பாடத்தில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

கேள்வி: நம் நாட்டுப் பாலைவனச் சண்டை ஒன்றை நாமே ஆட்டமாகச் செய்ய முடியுமா? (ஆசிரியர், கோச்சடை)

பதில்: லோங்கேவாலாவை எடுங்கள். 1971 டிசம்பர் 4, 5, ஜெய்சல்மர் மாவட்டம். மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் 23ஆம் பஞ்சாப் பட்டாளத்தின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர். எதிரே சுமார் 40 பாகிஸ்தான் டாங்கிகள். ஜெய்சல்மரிலிருந்த நம் ஹண்டர் விமானங்களால் இரவில் தாக்க முடியாது. ஆக, ஆட்டத்தின் கேள்வி ஒன்றே: விடிவதற்குள் முடியுமா?

ஓர் அட்டையில் அறுகோணக் கட்டம் போடுங்கள். அரை மணிக்கு ஒரு சுற்று. தடத்தை விட்டு இறங்கும் டாங்கி பகடை உருட்டட்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தால் மணலில் புதைந்தது. வைகை மணலில் மாட்டுவண்டி அச்சு வரை இறங்கிப் பார்த்தவர்களுக்கு இந்த விதியை விளக்கவே வேண்டாம். அடுத்தது முள்கம்பி. கம்பியைப் பார்த்ததும் கண்ணிவெடி இருக்கும் என்று எண்ணித் தாக்கும் படை நின்றுவிட்டது. அங்கே வெடி இல்லை. அந்த நேரம் போனது போனதுதான். எனவே கம்பியைத் தொட்டால் நான்கு சுற்று வீண். விடிந்ததும் காப்பவருக்கு விமானம். திறந்த மணலில் டாங்கிக்கு ஒளிய இடமில்லை. விதியைக் கடுமையாக்காதீர்கள், தாக்குகிறவருக்கும் நிஜமான வாய்ப்பு இருக்கட்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டாம் முறை உட்கார மாட்டார்கள்.

கேள்வி: எல்லாம் சரி, கோச்சடையில் எதிரே உட்கார ஆள் வேண்டாமா? (அதே ஆசிரியர்)

பதில்: அய்யனார் கோயில் குதிரைக்குக் கீழே நின்று போர்க்கதை பேசி வளர்ந்த பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்! நீங்கள் அட்டையை வெட்டி முடியுங்கள், நான் வருகிறேன். டாங்கிப் பக்கம் என்னுடையது. முள்கம்பியை எங்கே வைப்பீர்கள் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள்.