துக்ளக் விட்ட சில்லறை

தில்லி ஜும்மா மசூதிப் பக்கத்து நடைபாதையில் பழைய காசு பொறுக்குவது தனி ஆனந்தம். ஒரே துணி விரிப்பில் முகலாயரும் ஜார்ஜ் மன்னரும் நேருவும் ஒன்றாகப் படுத்துக் கிடப்பார்கள். தலைநகரில் இத்தனை சமத்துவம் வேறெங்கும் கிடையாது.

விரிப்பின் நட்சத்திரம், 1818 என்று பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு. மறுபக்கம் ராமர், சீதை, லட்சுமணர், காலடியில் அனுமன். வரி வசூலிக்க வந்தவனுக்கு இவ்வளவு பக்தியா என்று மலைக்க வேண்டாம். கம்பெனி அப்படியொரு காசை அடிக்கவே இல்லை. கடைக்காரரோ "முந்நூறு வருஷத்துச் சரக்கு, பாய் சாப்!" என்று சத்தியம் செய்வார். 1818-இலிருந்து முந்நூறு எப்படி வரும் என்று கேட்டால், விலைதான் இன்னும் ஐம்பது ஏறும்.

போலிக்காசு இந்த ஊருக்குப் பரம்பரைச் சொத்து. 14-ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக், வெள்ளித் தங்கா மதிப்புக்குச் செம்பிலும் பித்தளையிலும் காசு விட்டார். உடனே வீட்டுக்கு வீடு தங்கசாலை முளைத்தது. கடைசியில் சுல்தானே கஜானாவைத் திறந்து, நல்ல காசு கொடுத்து அத்தனையையும் திரும்ப வாங்கினார். துக்ளகாபாதில் செம்பு மலைமலையாகக் குவிந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் பரணி.

ரிசர்வ் வங்கிக்கு அந்தத் தாராளம் ஏது? பழைய காசை வாங்க விற்க எங்கள் பெயரில் எவராவது கமிஷன் கேட்டால் ஏமாறாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட்டுவிட்டது. என் மாமா அசரவில்லை. லட்சங்களில் விலைபோகும் என்று யாரோ சொன்ன வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க் காசை வங்கி லாக்கரில் பூட்டிவைத்திருக்கிறார். லாக்கர் வாடகையை மட்டும் வருஷா வருஷம் புதுக் காசில் கட்டுகிறார்.