மணல் போன வழி

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பீச் எங்கே?" காந்தி சிலைப் பக்கம் கையைக் காட்டுவோம். போனால் சாலை இருக்கும். சாலையை ஒட்டிக் கருங்கல் கிடக்கும். கல்லில் அலை மோதும். இதற்கு 'ராக் பீச்' என்று பெயரும் வைத்தாயிற்று. பறிகொடுத்ததற்குப் பெயர் சூட்டிச் சுற்றுலாத் தலமாக்கும் சாமர்த்தியம் எல்லா அரசுக்கும் வாய்க்காது.

மணல் எங்கே போனது? கடல் கொண்டுபோய்விட்டது என்பார்கள். பாவம் கடல். அதற்கு வக்கீல் கிடையாது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்கென்று கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகரும். குப்பத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. சுவர் மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை கரைந்தது. சேரும் மணலை இயந்திரம் வைத்து வடக்கே தள்ள வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. சுவர் எழுந்தது. தள்ளுவது ஒழுங்காக நடக்கவே இல்லை. சுவருக்குக் கல்வெட்டு வைக்கலாம். தினமும் மணல் தள்ளுகிற வேலைக்கு எந்த மந்திரி ரிப்பன் வெட்டுவார்?

சரி, கரையை விழுங்கிய துறைமுகத்தில் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கின்றனவா? முகத்துவாரமே தூர்ந்துபோகிறது. விசைப்படகு தரை தட்டுகிறது. மீனவர்கள் மறியல் செய்தால் தூர்வாருவார்கள். மறுபடி தூரும், மறுபடி டெண்டர். பக்கத்திலேயே இருக்கிறது அரிக்கமேடு. ரோமாபுரி மதுச்சாடிகள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அங்கே வந்து இறங்கின, ஒரு டெண்டரும் இல்லாமல்.

நகரத்துக்கு முன்னால் லாரி லாரியாகக் கல் கொட்டினார்கள். பிறகு, போன மணலைக் கூப்பிட 2018 வாக்கில் கோடிகளைச் செலவழித்து, இரும்பில் ஆப்பு வடிவத் திட்டு ஒன்றைக் கடலுக்குள் இறக்கினார்கள். மணல் திரும்பியது. உண்மைதான், விஞ்ஞானிகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் திரும்பிய இடத்தைப் பாருங்கள்: தலைமைச் செயலகத்தின் வாசல். கடலுக்கும் புரோட்டோகால் தெரிந்திருக்கிறது.

துறைமுகத்துக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. சர்வதேசத் தரமாம். வாழ்த்துவோம். வடக்கே சான்று கொடுக்கக் கரை மிச்சமில்லை.

கடலைப் பார்த்து வெறுத்துப்போனால் பாரதி பூங்காவுக்குப் போகலாம். ஆளுநர் மாளிகைக்கு எதிரே, நிழலான இடம். நடுவில் வெள்ளையாக ஆயி மண்டபம். மன்னன் இடிக்கச் சொன்ன தன் மாளிகையைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்த கணிகை ஆயி என்பது கதை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பிய அந்த மண்டபம்தான் இன்று புதுச்சேரி அரசின் சின்னம். ஊருக்காகத் தன் வீட்டை இடித்தவளின் மண்டபத்தைத் தாளின் தலையில் அச்சடித்துக்கொண்டு, அதன் கீழே கையெழுத்துப் போடுகிறார்கள், ஊரார் வீடு இடிந்த கோப்புகளில்.

இடிந்த வீடு வேண்டுமா? நகரத்துக்கு வடக்கே, தந்திராயன்குப்பத்தில் கேளுங்கள். கடல் வாசலேறி வந்த ஊர். அங்கே இரும்புத் திட்டு வரவில்லை. கருங்கல் வந்தது. தூண்டில் வளைவு என்று பெயர். வளைவுக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். அதாவது துறைமுகம் செய்ததையே சின்ன அளவில் செய்யும். இந்தப் பக்கம் பிழைத்தால் அந்தப் பக்கம் சாக வேண்டும். அரிப்பு சின்னமுதலியார்சாவடிக்கு நகர்ந்தது, பிறகு பொம்மையார்பாளையத்துக்கு. கரைவலை இழுக்க மணல் வேண்டும். படகை ஏற்ற, கருவாடு காயப்போட மணல் வேண்டும். கல்லில் விரித்தால் வலைதான் கிழியும்.

புதுவையில் முறையிட்டால், அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாட்டைக் கேளுங்கள். தமிழ்நாட்டைக் கேட்டால், துறைமுகம் புதுவையுடையது. இவர்களின் எல்லைக்கோட்டை மதிக்காமல் மணல் அந்தப் பக்கம் போய்வந்ததுதான் குற்றம்போல. இப்போது திருத்திவிட்டார்கள். போவதே இல்லை.

பொம்மையார்பாளையத்துக்கு வடக்கேயும் குப்பங்கள் இருக்கின்றன. குவாரியில் கல்லும் இருக்கிறது.