ஆறாவது விரலுக்கு அதிக விலை

நியூ ஜெர்சி
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஏரி கோடி போன சேதியை அம்மா போனில் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "துட்டு குடுத்துத் துட்டு வாங்கறானாமே, அவனுக்கு இன்னா ஆச்சு?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டீர்களாம். போனில் விளக்கலாம்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் பேசினால் காசு ஓடாது என்று எத்தனை சொன்னாலும் நீங்கள் பாதியிலேயே "சரி சரி, வெச்சுடு" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

நான் வாங்கியது ஒரு சென்ட். நம் ஊர்க் கணக்கில் ஒரு ரூபாய்கூடத் தேறாது. கொடுத்தது 25 டாலர். அம்மா உடனே அதை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ பொன்னி அரிசி வரும் என்பதுவரை போய்விட்டாள். இங்கே நான் முடி வெட்டிக்கொண்டால்கூட அவள் பெருக்குவாள், அது கிடக்கட்டும். அந்தச் சென்ட்டில் ஒரு பிழை இருக்கிறது. காசு அந்தப் பிழைக்குத்தான்.

ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் காலமெல்லாம் ரகம் பிரித்த உங்களுக்கு இது தலைகீழாகத்தான் படும். உண்ணி கடித்த தோலா, இரண்டு ரகம் கீழே போடு. சூட்டுக்குறியா, ஓரத்துக்குத் தள்ளு. உரிக்கிறவன் கத்தி பட்டிருக்கிறதா, அதற்கும் கீழே. ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து ஒரு தடவு தடவி நீங்கள் குறை சொன்னால் முதலாளிக்கு விலை இறங்கும். இங்கே நாணயச் சந்தையில் பல்லுப்போன ஒரு வெள்ளைக்காரத் தாத்தா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "ஆகா, குறை இருக்கிறது!" என்றால் விலை ஏறும். ஆனால் எல்லாக் குறைக்கும் ஏறாது. அங்கேதான் உங்கள் தொழில் வருகிறது.

நாணயத்தை அடிப்பது எஃகு அச்சு. அந்த அச்சைச் செய்வதற்கும் ஒரு தாய் அச்சு உண்டு. தாய் அச்சை வெறும் எஃகுத் துண்டின்மேல் வைத்து அழுத்தினால் உருவம் பதியும். ஒரே அழுத்தில் முழுதாகப் பதியாது என்பதால், அந்தக் காலத்தில் ஒருமுறை அழுத்தி, எஃகை உலையில் காய்ச்சி இளக்கி, மறுபடி கொண்டுவந்து அழுத்துவார்கள். இரண்டாம் தடவை மயிரிழை திரும்பி உட்கார்ந்தாலும் போச்சு. தாசில்தார் ஆபீஸ் பியூன் தூக்கக் கலக்கத்தில் ஒரே முத்திரையை ஒரே இடத்தில் இரண்டு தரம் குத்தியதுபோல எழுத்தெல்லாம் இரட்டையாக அச்சிலேயே விழுந்துவிடும். அப்புறம் அந்த அச்சு அடிக்கிற ஒவ்வொரு காசும் அதே இரட்டை எழுத்தோடு பிறக்கும். இதற்குத்தான் டபுள் டை என்று பெயர்.

இந்த வகையில் பெரிய ராஜா 1955-ஆம் வருஷத்து லிங்கன் சென்ட். பிலடெல்பியா நாணயச் சாலையில் அடித்தது. வருஷமும் எழுத்தும் கண்ணாடி போடாமலே இரண்டாகத் தெரியும். பார்க்கிறவர் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைப்பார். தவறு தெரியவந்தபோது 20,000-க்கும் மேற்பட்ட காசுகள் நல்ல காசுகளோடு கலந்து போயிருந்தன. அத்தனையையும் உருக்க மனசில்லாமல் அப்படியே வெளியே விட்டுவிட்டார்கள். அப்போது சிகரெட் மிஷினில் ஒரு பாக்கெட் 23 சென்ட். 25 சென்ட் காசைப் போட்டால், மீதி இரண்டு சென்ட்டைப் பாக்கெட்டின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே செருகி வைத்திருப்பார்கள். அப்படித்தான் நிறையப் பேர் கைக்கு அந்தக் காசு வந்தது. சிகரெட் பிடித்து லாபம் பார்த்தவர்கள் உலகத்திலேயே அவர்கள் மட்டும்தான். இன்றைக்குத் தேய்ந்த காசே ஆயிரம் டாலருக்கு மேல். நமக்கு ஆகாது.

1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த இன்னொன்று இருக்கிறது, அதன் கதை இன்னும் வேடிக்கை. அதே சமயம் யாரோ இரண்டு பேர் கள்ளத்தனமாக இரட்டை எழுத்துச் சென்ட் அடித்துக்கொண்டிருந்தார்களாம். அதனால் கள்ளநோட்டு பிடிக்கிற ரகசிய போலீஸ், அரசாங்கமே அடித்த அசல் காசையும் கள்ளக்காசு என்று பறிமுதல் செய்துவிட்டது. அப்புறம் அசல் என்று ஒப்புக்கொண்டார்கள். அதன் விலையை எழுதினால் அம்மா பெருக்குவாள், வேண்டாம்.

நான் மேய்வது கீழ்த்தட்டில். அங்கேதான் ருசி. 1995 சென்ட் ஒன்று இருக்கிறது, லிங்கன் தலைக்குமேல் உள்ள எழுத்து இரட்டிப்பாக இருக்கும். நிறைய வெளியே வந்துவிட்டதால் இருபது முப்பது டாலருக்குப் பளபளவென்று கிடைக்கும். நான் வாங்கியது இதுதான். 2009-இல் லிங்கனின் இருநூறாவது பிறந்த வருஷத்துக்காக அடித்த காசில், சின்னப் பையன் லிங்கன் மரக்கட்டைமேல் உட்கார்ந்து புத்தகம் படிப்பான். சில அச்சுகளில் புத்தகம் பிடித்த கையில் ஒரு விரல் கூடிவிட்டது! விரல் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ அவ்வளவு விலை. ஐந்து விரல் பையனுக்கு ஒரு சென்ட், ஆறு விரல் பையனுக்குப் பத்து டாலரிலிருந்து ஆரம்பம். நம் பக்கத்தில் ஆறு விரல் பிள்ளை பிறந்தால் அதிர்ஷ்டம் என்று பாட்டி சொல்வாளே, அது அமெரிக்காவரைக்கும் செல்லுபடி.

உங்களுக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது 2005-ஆம் வருஷத்து மினசோட்டா கால் டாலர். அந்த மாநிலத்தார் தங்களுடையது 10,000 ஏரிகள் கொண்ட பூமி என்று காசிலேயே பீற்றி எழுதியிருக்கிறார்கள். நந்திவர்மப் பல்லவன் வெட்டிய நம் ஊர் ஏரி ஒன்றை வைத்துக்கொண்டு நாம் ஆயிரத்துச் சொச்சம் வருஷமாகச் சும்மா இருக்கிறோம். அந்தக் காசில் ஏரி, படகு, கரையில் வரிசையாக மரங்கள். சில காசுகளில் ஒரு மரத்தின் பக்கத்தில் இன்னொரு மரம் பேய்போல அரைகுறையாக நிற்கும். அந்த ஒற்றைக் காசுக்கே பல டஜன் அச்சு வகைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் சாதாரண வகை ஒரு பிரியாணி விலைக்குள் அடங்கும்.

இந்த ஊர்ச் சந்தை தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டியெல்லாம் வெளியே நிற்க, உள்ளே மேஜை போட்டுத் தாத்தாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூட வருகிறவர் ஆம்பூர் பாய், தோல் மண்டிக் குடும்பம். விலை கேட்டதும் அவருக்குக் கை பரபரக்கும். "துண்டு போட்டு விரல் பிடிச்சுப் பேசினா ரெண்டு நிமிஷத்தில முடிஞ்சிடும்" என்று ஒருநாள் சால்வையை எடுத்தேவிட்டார். எதிரில் இருந்த தாத்தா பயந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சித்தப்பா, ரகம் பிரிக்கிற வேலை உண்மையில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அச்சிலேயே இரட்டிப்பு இருந்தால் இரண்டாம் எழுத்தும் முதல் எழுத்தைப் போலவே உருண்டு மேடாக இருக்கும், எழுத்தின் மூலையில் ஒரு சின்னப் பிளவு தெரியும். காசை அடிக்கும்போது அச்சு ஆடினால் எழுத்து ஓரமாக நசுங்கிப் படிக்கட்டுபோலத் தட்டையாகும். அது மிஷின் ஆட்டம், நயா பைசா பெறாது. 1982-க்குப் பின் வந்த சென்ட் உள்ளே துத்தநாகம், மேலே செம்பு முலாம். முலாம் கிழிந்தாலும் இரட்டைபோல மயக்கும். பிறப்பிலேயே வந்ததா, பிறகு பட்டதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். உங்கள் கட்டைவிரலுக்கு இது ஒரு வேலையே இல்லை.

1955-இலேயே இன்னொரு காசு உண்டு. அதற்கு 'ஏழையின் டபுள் டை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அச்சு தேய்ந்துபோய்க் கடைசி 5 மட்டும் நிழல் விட்டிருக்கும். ஒன்றிரண்டு டாலர் பெறும். ஒரு கடைக்காரர் அதை ராஜாவின் தம்பி என்று சொல்லி 80 டாலர் கேட்டார். பாய் உருதுவில் ஏதோ சொன்னார், மொழிபெயர்க்காமல் விடுகிறேன்.

காசை ரகம் பார்த்து, முத்திரை குத்திப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகிற கம்பெனிகளும் இருக்கின்றன. அந்தக் கூலி, தபால் எல்லாம் சேர்ந்தால் நம் இருபத்தைந்து டாலர் காசின் விலையைத் தாண்டிவிடும். மாப்பிள்ளையைவிடப் பந்தல் செலவு அதிகம். ஆகவே நான் பெட்டி இல்லாமல், அட்டையில் செருகியதாகப் பார்த்து வாங்குகிறேன். இன்னும் மலிவான வழி, விற்கிறவர் கவனிக்காத பிழையை நாம் கவனிப்பது. அதற்கென்றே பைவாஸ், ஸ்டான்டன் என்ற இருவர் படத்தோடு புத்தகம் போட்டிருக்கிறார்கள். அதுவுமில்லாவிட்டால் வங்கி. 25 டாலர் கொடுத்தால் 50 உருளை, 2,500 சென்ட். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கட்டிவிடலாம், நஷ்டம் கண்ணுக்கு மட்டும். ஆனால் 2025 நவம்பரோடு புழக்கத்துக்குச் சென்ட் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு சென்ட் செய்ய மூன்றரைச் சென்ட்டுக்கு மேல் ஆயிற்றாம். இப்போது என் வங்கியில் கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

கடைசி மேஜையில் 'இந்தியா' என்று எழுதிய டப்பாவில் ஆற்காடு ரூபாய் ஒன்று கிடந்தது. ஹிஜிரி 1172 என்று வருஷம் போட்டு, இரண்டாம் ஆலம்கீர் பாதுஷா பெயர். அவர் 1759-இல் கொலையுண்டு போனவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1807-க்கு மேல் சென்னையில் மிஷின் வைத்து அதே பெயர், அதே வருஷம் போட்டு அடித்தான். ஊரும் பொய், வருஷமும் பொய், ராஜாவும் உயிரோடு இல்லை. வெள்ளி மட்டும் நிஜம். விற்கிறவரிடம், "ஆற்காடு எங்கள் வாலாஜாவைத் தாண்டினால் வந்துவிடும்" என்றேன். அவர் மரியாதையாக ஐந்து டாலர் ஏற்றினார்.

ஒரு முக்கியமான விஷயம். தம்பி வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாயை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் கனவு காண்கிறானாம். யாரோ போன் செய்து, வாங்கிக்கொள்கிறோம், முதலில் வரி கட்டு என்கிறார்களாம். ஒரு பைசா கட்ட வேண்டாம். ரிசர்வ் வங்கியே 2021-இல் இந்த மோசடியைப் பற்றி எச்சரித்திருக்கிறது, தன் பெயரில் கமிஷன் கேட்டால் நம்பாதீர்கள் என்று. அந்தக் காசை அவனிடமிருந்து வாங்கி டீ குடித்துவிடுங்கள்.

மற்றவை அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: பாயின் மச்சான் அடுத்த மாதம் ஆம்பூர் வருகிறார். மினசோட்டா காசும் பத்து மடங்கு காட்டுகிற பூதக்கண்ணாடியும் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ கொடுங்கள். ரகம் பார்த்து.