ஈயத்துக்கு வந்த ரயில்

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவிலுள்ள மம்பாவ் என்றால் இன்று வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம்தான் தெரியும்: ஸ்டீம் மீன், டோல் சாவடி. வார இறுதியில் குடும்பத்தோடு வருகிறவர்கள் மீனைச் சாப்பிட்டுவிட்டு, சாவடியில் கார்டைத் தட்டிவிட்டு, போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். இந்தப் பக்கம் ரயில் ஓடியது என்று சொன்னால், "எல்.ஆர்.டி.யா பெரியப்பா?" என்கிறான் தம்பி மகன்.

இல்லையடா, அதற்கு நூறு வருஷம் முந்தியது. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை சுமார் 39 கிலோமீட்டர் தூரத்துக்கு, சுங்கை ஊஜோங் ரயில்வே கம்பெனி 1891-இல் திறந்த பாதை. மலாயாவில் இதற்கு மூத்தவை இரண்டே: 1885-இல் தைப்பிங்–போர்ட் வெல்ட், 1886-இல் கோலாலம்பூர்–கிள்ளான். மூன்றுக்கும் ஒரே ஜாதகம்: ஒரு முனையில் ஈய லம்பம், மறு முனையில் கப்பல். ஈயம் சொகுசாகக் கடலுக்குப் போவதற்கு வந்த ரயில் அது. மனுஷர்களும் ஏறிக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணி விட்டுவைத்தார்கள்.

துறைமுகத்துக்குப் பெயர் கொடுத்தவர் சர் ஜான் ஃபிரெடரிக் டிக்சன், நீரிணைக் குடியேற்றங்களின் காலனியச் செயலாளர். அதற்கு முன்னால் இலங்கையில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைப் பாலியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். அந்த மகானின் பெயர் இன்று நிலைத்திருப்பது பீர் டின்னும் வாழைப்பழப் படகும் மிதக்கிற கடற்கரையில்.

ஆனாலும் அந்தத் துறைமுகத்துக்கு யோகம் பத்து வருஷம்தான். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம் திறந்தது. 1903-இல் வடக்கிலிருந்து பெரிய லைன் சிரம்பானுக்கே வந்து சேர்ந்துவிட்டது. சரக்குக்கு வேறு வழி கிடைத்தது. கம்பெனி 1908-இல் பாதையை அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டு நடையைக் கட்டியது.

ரயில்வேயில் நம் ஆட்களுக்குக் குறைவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத்தார். கம்பிச்சடக்கில் கேங் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பச்சைக் கொடி ஒரு தமிழர் கையில், கடப்பாரை இன்னொரு தமிழர் கையில். பிளாட்பாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இருந்த உயர வித்தியாசம் அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

என் பாட்டி பால்மரம் சீவியவள். போர்ட்டிக்சனுக்கு ரயிலேறினால் அவளுக்கு இரண்டு காரியம்தான்: ஆடி அமாவாசைக்குத் தலைமுழுகுவது, அல்லது யாராவது செத்துப்போயிருந்தால் சாம்பலைக் கரைப்பது. கடலுக்கு உல்லாசமாகப் போவது துரைமார் வழக்கம் என்று நினைத்திருந்தாள். இன்று அவள் பேரப்பிள்ளைகள் மெத்தையும் பார்பிக்யூ அடுப்புமாக அதே கடலுக்குப் போகிறார்கள். சாம்பல் கரைக்கிற நாளில்தான், "ரொம்ப ஜாம், பக்கத்திலேயே முடித்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள்.

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பாட்டி அதிகம் பேசமாட்டாள். பக்கத்துத் தம்பின்–மலாக்கா லைனின் தண்டவாளத்தை அவன் பெயர்த்துக்கொண்டு போனான். தோட்டத்து ஆண்களையும் அப்படியே பெயர்த்துச் சயாம் மரண ரயிலுக்கு அனுப்பினான். எங்கள் லைன் தப்பியது. ஆட்கள் தப்பவில்லை.

1960-களில் போர்ட்டிக்சனில் ஷெல்லும் எஸ்ஸோவும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை நடத்தத் தொடங்கியதும் பாதைக்கு மறுபடி கிராக்கி வந்தது. ஈயமும் ரப்பரும் போன இடத்தில் எண்ணெய். பயணிகள் வண்டி மெலிந்து மெலிந்து நின்றே போன பிறகும் டாங்கி வண்டிகள் ஓடின. 2008 வாக்கில் அவையும் நின்றன. மனுஷன் இறங்கியபோது நிற்காத பாதை, சரக்கு இறங்கியதும் நின்றது. யாருக்காகப் போட்டார்களோ அவர்களுக்கு அது கடைசி வரை விசுவாசமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முன்பு ரயில் இருந்தது, டிக்கெட்டுக்குக் காசில்லை. இப்போது தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன, வாசலுக்கு வாசல் கடனில் வாங்கிய கார் நிற்கிறது. சனிக்கிழமை போர்ட்டிக்சன் சாலையில் அது வீட்டு வாசலில் நிற்பதுபோலவே நிற்கிறது. சிரம்பானுக்கு 1995-இலேயே மின்சாரக் கொமுட்டர் வந்துவிட்டது. தலைநகருக்குக் குளிர்பெட்டியில் போகலாம். அடுத்த ஊர்க் கடலுக்கு ரயில் கிடையாது.

பழைய பாதையைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும். சுற்றுப்பயணிகளுக்காகவாம். போர்ட் வெல்டைப் பாருங்கள்: தண்டவாளம் போய்விட்டது, பெயர்ப்பலகை நிற்கிறது. ரோமன், ஜாவி, சீனம், தமிழ் நான்கிலும் ஊர்ப்பெயர் எழுதிய பலகை. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ரயில் ஓடாத நிலையத்தில் தமிழ் இருக்கிறது. ரயில் ஓடுகிற நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் அதைத் தேடிப் பாருங்கள்.

ஆகவே, உண்மையிலேயே புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு என் கோரிக்கை இது. வண்டி மம்பாவில் நிற்கட்டும். பலகையில் தமிழும் இருக்கட்டும். திறப்பு விழாவுக்கு முன்னால், கேங் வேலை செய்தவர்களின் பிள்ளைகளைத் தேடிப் போய், அவர்கள் சொல்வதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எத்தனை டன் ஈயம் போனது என்ற கணக்கைக் கம்பெனிகள் பத்திரமாக எழுதிவைத்தன. நம் ஆட்களின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் வயதானவர்கள்.