மாவடிப்பள்ளி வயலைப் பெரிய கமராவில் பாழாக்குவது எப்படி?

போனை நீட்டி நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டு உங்களுக்குச் சலித்துவிட்டது. நல்லது. 4×5 அங்குலப் பிலிமுக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு தாளுக்கு ஒரு படம். ஒரே இடத்தில் நெடுநேரம் நின்று பார்க்க வைக்கிற கலை இது. நிற்பது எளிது, பார்க்காமல் நிற்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். கீழே உள்ளவற்றில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துவருகிறீர்கள். வரிசைப்படுத்தித் தருவது மட்டுமே என் வேலை.

1. சாமான் வாங்குங்கள். வயல் பக்கம் போகாதீர்கள். ஜேர்மன் லென்ஸா, ஜப்பான் லென்ஸா என்று ஒரு பெரும்போகம் முழுக்க விவாதியுங்கள். விதைத்து, கதிர் வந்து, அறுத்து, நெல் மில்லுக்குப் போகும்வரை லென்ஸ் முடிவாகக் கூடாது.

2. வெளிநாட்டிலிருந்து பிலிம் கொண்டுவரும்போது பெட்டியை விமான நிலைய ஸ்கேனருக்குள் விடுங்கள். கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்பது உங்களுக்குக் கௌரவக் குறைவு. புதிய சி.டி. ஸ்கேனர்கள் பிலிமில் புகைபோல மூட்டம் ஏற்றிவிடும். கவலை வேண்டாம், படத்துக்கு ‘பனியில் மாவடிப்பள்ளி’ என்று பெயர் வையுங்கள்.

3. காரைதீவிலிருந்து அம்பாறை போகும் வீதியில், ஓட்டோ நின்ற இடத்திலேயே முக்காலியை விரியுங்கள். கிழக்கே கடல், மேற்கே சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகள். காலை வெயில் சாய்வாக வந்து எந்த வரம்பைத் தொடும் என்பது முதல் நாள் வந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆகவே வராதீர்கள். சுபஹ் தொழுதுவிட்டு நேரே வயலுக்குப் போகிறவருக்கு அந்த வெளிச்சம் மனப்பாடம். அவரிடமும் கேட்காதீர்கள். பகல் பதினொரு மணிக்கு வாருங்கள். நிழல் என்ற தொல்லையே இருக்காது.

4. அறுவடை முடிந்த வயலுக்கு யானை வருவது இங்கே புதினமில்லை. “தம்பி, ஆனை நிக்கிது, அங்கால போகாதீங்க” என்று யாராவது சொன்னால், “காக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க, படத்துக்குள்ள நிக்கிறீங்க” என்று பதில் சொல்லுங்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபின் யானை தெரியாது. தெரிந்தாலும் தலைகீழாகத்தான் தெரியும்.

5. அந்தத் துணிக்குள், மங்கல் கண்ணாடியில், உலகம் தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் விழும். அதனால் தென்னை தென்னையாகத் தெரியாமல் வெறும் கோடாகத் தெரியும். படத்தின் குறைகள் பளிச்சென்று அகப்படும். இது ஆபத்து. நடுவில் உள்ள மரத்தை மட்டும் பாருங்கள். மூலையில் ஓடும் கரண்ட் கம்பியைப் பிரிண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

6. லென்ஸைச் சற்றே முன்பக்கம் சாய்த்தால் காலடி வரம்பும் தூரத்துத் தென்னைகளும் ஒன்றாகத் துலங்கும். ஒஸ்ரியரான தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் 1904 இல் காப்புரிமை பெற்ற முறைக்குப் பின்னால் இருக்கும் விதி இதுதான். நீங்கள் எல்லாத் திருகுகளையும் ஒரேயடியாகத் திருகுங்கள். கடைசியில் ஒரு கொக்கின் கால் மட்டும் போகஸில் இருக்கும். கொக்கு பறந்தபின் படத்தை எடுங்கள்.

7. 1932 இல் அன்சல் அடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் கலிபோர்னியாவில் தங்கள் குழுவுக்கே ‘எஃப் 64’ என்று பெயர் வைத்தார்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு லென்ஸின் துவாரத்தை 64 இல் வையுங்கள். 100 ஏ.எஸ்.ஏ. பிலிமுக்கு நல்ல வெயிலிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு செக்கன் பிடிக்கும். கச்சான் அடிக்கும் நாளாகப் பார்த்து எடுத்தால் ஒரு கதிராவது கதிராக விழாது.

8. அதே அடம்ஸ் 1941 இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் நிலவெழுவதைக் கண்டு கமராவை நாட்டியபோது லைட் மீற்றர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு மனத்தில் இருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. இதில் நமக்குரிய பாடம், மீற்றரைத் தொலைப்பது. கணக்கை அவரோடு விட்டுவிடுங்கள்.

9. பிலிம் ஹோல்டரின் மூடியில் வெள்ளை விளிம்பு தெரிந்தால் எடுக்காத தாள், கறுப்பென்றால் எடுத்தது. இதைப் பார்க்காதீர்கள், ஞாபகசக்தியை நம்புங்கள். போகஸ் பார்க்கத் திறந்த ஷட்டரை மூடாமலே மூடியை உருவுங்கள். பதறுங்கள். மறுபக்கத் தாளுக்காக ஹோல்டரைத் திருப்புங்கள். இம்முறை ஷட்டரை ஒழுங்காக மூடி, மூச்சைப் பிடித்து, கேபிளை அழுத்துங்கள். மூடியை உருவ மறந்துவிடுங்கள். முதல் நெகட்டிவ் முழுக்கக் கறுப்பு, இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் மாவடிப்பள்ளி இருந்தது.

10. பிலிம் கழுவ வழக்கமாகச் சொல்லும் சூடு 20 பாகை செல்சியஸ். நமது குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடு. மருந்துப் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வைத்தால் போதும். நீங்கள் மீன்கடை ஐஸை மருந்துக்குள்ளேயே போடுங்கள். கரையோரத்துப் படம் என்பதற்கு வாசமே சாட்சி.

11. இல்லாவிட்டால் கழுவாமலே வைத்திருங்கள். 1870களின் தொடக்கத்தில் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் எடுத்த ஜோசப் லோட்டனுக்கு அந்த வசதி இல்லை. ஈரக் கண்ணாடித் தட்டு காயுமுன் அந்த இடத்திலேயே கழுவ வேண்டும். பிழை அங்கேயே முகத்தில் அறையும். நீங்கள் இரண்டு வருடம் கழித்துக் கழுவுங்கள். எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்க வழியே இராது.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு நல்ல படம் விழுந்துவிட்டால், எங்கோ ஓரிடத்தில் நின்று வயலைப் பார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்த முறை கவனமாக இருங்கள்.